கலங்கல் வழிந்தால் யாருக்குத் தகவல்?

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி உபரிநீர் அடையாற்றில் விடப்பட்டது. சென்னை சைதாப்பேட்டையில் ஆற்று நீர் வீடுகளுக்குள் நுழைந்தது. ஏரியை ஏன் முன்கூட்டியே திறக்கவில்லை என்று ஊரே கேட்டது. 2018-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையும் நீர்த்திறப்பைக் குறை சொன்னது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறப்பதில்லை. ஆதனூர்ப் பக்கம் தொடங்கி, சுமார் 42 கி.மீ. ஓடி, பட்டினப்பாக்கம் அருகே கடலைச் சேர்கிறது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் வந்து கலப்பது பாதி வழியில், திருநீர்மலைக்குப் பக்கத்தில். அதற்கும் மேலே இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த டிசம்பரில் மூழ்கின. அங்கே புகுந்தது மணிமங்கலம், ஆதனூர் போன்ற ஏரிகளின் தண்ணீர்.

இவை சங்கிலி ஏரிகள். மேலேரியின் கலங்கல் வழிந்தால் கீழேரி நிறையும். கடைசியில் எல்லாம் ஆற்றுக்கு வரும். தண்ணீருக்கு ஒரே வழி, நிர்வாகத்துக்குப் பல. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத்துறையுடையது, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஆயக்கட்டே வீட்டுமனையாகிவிட்ட புறநகரில் இன்னும் பாசனப் பரப்பை வைத்து ஏரியைப் பங்கிடுவது வேடிக்கைதான். தெரு வடிகால் உள்ளாட்சியின் பொறுப்பு. அது போய் விழும் ஆறு வேறு துறையின் பொறுப்பு. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் இதே ஆறு காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை என்று மூன்று ஆட்சியர்களின் எல்லைக்குள் ஓடுகிறது.

நெதர்லாந்தில் வேறு ஏற்பாடு. வெள்ளத் தடுப்பும் நீர் வடிப்பும் அங்கே பெரும்பாலும் நீர் வாரியங்களின் பொறுப்பு. ரைன்லாந்து வாரியம் 13-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. இவற்றுக்குத் தேர்தல் உண்டு, தனி வரியும் உண்டு. எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீர் வடியும் திசைதான். கடல்மட்டத்துக்குக் கீழே வாழ்கிறவர்களின் கணக்கு அது. இங்கே அப்படியே நட முடியாது. எல்லை போடும் முறையை மட்டுமாவது பார்க்கலாம்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிந்தது. மூன்று மாவட்டத்து ஏரிகளை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க இது நல்ல வாய்ப்பு. ஆனால் விரிந்தது கட்டட, மனை அனுமதிக்கான எல்லை. பெரிய ஏரியின் மதகு இன்னும் நீர்வளத்துறையிடம். சிற்றேரியின் கரை ஒன்றியத்திடம்.