டேஷ்போர்ட் லைட் மங்கினால் உடனே பெட்டரியை மாற்றாதீர்கள்

வியாபாரம் என்றால் கொள்முதலும் விற்பனையும் மட்டுமல்ல. சரக்கை ஏற்றிச் செல்லும் வாகனமும் நமது முதல்தான். எனவே இவ்வாரம் கடைக் கணக்கை விட்டு வாகனத்துக்குள் வருகிறேன்.

திருகோணமலையில் இரவில் ஏற்றும் மீனை விடியுமுன் பேலியகொட சந்தையில் இறக்க வேண்டும். எனது பழைய லொறியில் சில வாரங்களாக டேஷ்போர்ட் லைட் மங்கி மங்கி எரிந்தது. ஒரு கராஜில் காட்டினேன். "பெட்டரி முடிஞ்சு போச்சு நானா" என்றார்கள். புதிய பெட்டரி போட்டும் மங்கல் போகவில்லை. ரோட்டுக்கு லைட் இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஓரிரவு கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுப் பாதையில் ரேடியேட்டர் குழாய் கசிந்தது. சூட்டு முள் ஏறியது இருட்டில் சாரதிக்குத் தெரியவில்லை. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. யானை நடமாடும் பாதையில் விடியும்வரை லொறி நின்றது. ஐஸ் கரைந்த மீனைப் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்தோம்.

பின்னர் வயரிங் வேலை தெரிந்த ஒருவர் அரை மணி நேரத்தில் கோளாறைப் பிடித்தார். அவர் பார்த்த ஒழுங்கு இதுதான்.

முதலாவது, ஹெட் லைட்டும் சேர்ந்து மங்குகிறதா? எக்சிலேட்டரை மிதித்ததும் எல்லாம் பிரகாசிக்கிறதா? அப்படியானால் டைனமோ, பெல்ட், பெட்டரி முனை ஆகியவற்றைப் பாருங்கள். இஞ்சின் நிற்கும்போது நல்ல பெட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 24 வோல்ட் லொறிக்கு இது இரட்டிப்பு.

இரண்டாவது, டேஷ்போர்ட் மட்டும் எரியவில்லையா? பார்க் லைட்டைப் பாருங்கள். பல பழைய வாகனங்களில் இரண்டுக்கும் ஒரே பியூஸ். இரண்டும் எரியாவிட்டால் முதல் சந்தேகம் பியூஸ். பார்க் லைட் மட்டும் எரிந்தால் டிம்மர்.

மூன்றாவது, டிம்மர் குமிழை இரு முனைவரை பலமுறை திருப்புங்கள். வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே தொடுமிடம் பழுது. என் லொறியில் இதுவே கோளாறு. துறைமுகத்து உப்புக் காற்றும் மீன் ஐஸ் தண்ணீரின் ஈரமும் செம்பில் பச்சை பிடிக்க வைத்திருந்தன.

நான்காவது, பிரேக்கோ சிக்னலோ போடும்போது மங்கினால் எர்த் வயரைச் சந்தேகியுங்கள். ஒரு மூலை மட்டும் இருட்டென்றால் அந்த பல்ப். பழைய டிம்மருடன் எல்.ஈ.டி. பல்ப் போட்டால் பல நேரம் ஒழுங்காக மங்காது. அது கோளாறு அல்ல.

கைவைக்குமுன் பெட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். 10 அம்பியர் பியூஸ் எரிந்தால் 20 போடாதீர்கள், கம்பியும் சுற்றாதீர்கள். வயர் தீப்பிடிக்கும்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டபோதும், நம்மில் பலருக்குப் பழைய வாகனமே கதி. டிம்மருக்கு நான் கொடுத்த பணம் அன்றைய மீனில் ஒரு பெட்டியின் விலைகூட இல்லை. தேவையில்லாத பெட்டரிக்கும், இஞ்சினுக்கும், ஒரு லோட் மீனுக்கும் கொடுத்ததுதான் எனக்குப் பாடம்.