கோடு போட்ட பை

மாணவர்களே, குழந்தை பிறந்துவிட்டது. 'வீல்' என்று அழுதும் விட்டது. அறையில் எல்லாரும் குழந்தையையே பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் மகப்பேற்றுத் தாதி ஒருவரின் கண் மட்டும் தாயின் மேல் இருக்க வேண்டும். ஏன் தெரியுமா?

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டரோ அதற்கு மேலோ இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்களின் வாய் திறந்தபடி நிற்கும். கருப்பைத் தசைகள் இறுகச் சுருங்கி அவற்றை நெரித்து மூடுகின்றன. தசை தளர்ந்துவிட்டால் குழாய்கள் மூடாது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 40 லட்சம் தாய்மார்களுக்கு இப்படிப் பேறுகாலத்துக்குப் பின் அதிக இரத்தப்போக்கு ஏற்படுகிறது. ஏறக்குறைய 70,000 பேர் இறந்துபோகிறார்கள்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை ஜப்பானின் உத்தாகோ ஒக்காமோத்தோவும் அவருடைய கணவரும் 1962-லேயே அறிவித்துவிட்டார்கள். (அது தாய்மார்களின் உயிர் காக்கும் என்பதைப் பெரிய ஆய்வு ஒன்று உறுதிசெய்தது 2017-இல். அதற்கு முந்திய ஆண்டுதான் அந்த அம்மையார் காலமானார்.)

பிறகு எங்கேதான் சிக்கல்? அளவில். 500 மில்லிலிட்டருக்கு மேல் போனால் ஆபத்து என்பது விதி. ஆனால், துணியிலும் மெத்தையிலும் தரையிலும் பரவிய இரத்தத்தைக் கண்ணால் பார்த்து எத்தனை மில்லிலிட்டர் என்று எப்படிச் சொல்வது? அதிகமாகப் போகப் போக நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். மருந்து அலமாரியில் இருக்கும். ஆபத்து வந்ததே தெரியாது.

பர்மிங்காம் பல்கலைக்கழகம் தலைமையேற்ற 'இ-மோட்டிவ்' ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள். சுகப்பிரசவமான 2 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். முதல் ஏழு மாதம் எல்லா இடத்திலும் வழக்கமான கவனிப்பு. பிறகு பாதி மருத்துவமனைகளுக்குப் புதிய முறை. தாய்மார்களைப் பிரிக்காமல் ஏன் மருத்துவமனைகளைப் பிரித்தார்கள்? ஒரே தாதி இந்தக் கட்டிலுக்குப் புதிய முறை, அடுத்த கட்டிலுக்குப் பழைய முறை என்று மாற்றி மாற்றிச் செய்ய முடியாதே!

புதிய முறையில் தாயின் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் முனை புனல்போல் குறுகிப் பையாகும். பையில் கோடுகள் உண்டு, நம் முகவையில் இருப்பதைப் போல. முதல் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் பார்க்க வேண்டும். 500-ஐத் தொட்டால் உடனே சிகிச்சை. நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ சரியில்லை என்றால் 300-லேயே தொடங்கிவிடலாம். வழக்கமாக ஒரு மருந்தைக் கொடுப்பார்கள், காத்திருப்பார்கள், நிற்கவில்லை என்றால் அடுத்ததைக் கொடுப்பார்கள். இங்கே கருப்பையை நீவிவிடுவது, இரண்டு மருந்துகள், நரம்பு வழியே திரவம், இரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை எல்லாம் அடுத்தடுத்து, காத்திருக்காமல்.

ஒப்பீட்டுக்கான மருத்துவமனைகளிலும் விரிப்பு கொடுத்தார்கள், ஆனால் கோடில்லாத விரிப்பு. தாதிகள் வழக்கம்போல் கண்ணால் மதிப்பிட்டார்கள். சேர்ந்த இரத்தத்தைப் பின்னர் எடைபோட்டு உண்மை அளவைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2023-இல் முடிவு வெளியானது. பழைய முறையில் இரத்தப்போக்கு உள்ளவர்களில் 51 விழுக்காட்டினரையே கண்டுபிடித்திருந்தார்கள். புதிய முறையில் 93 விழுக்காடு. ஒரு லிட்டர் அல்லது அதற்கு மேல் இரத்தப்போக்கு, அதனால் வயிற்றில் அறுவை சிகிச்சை, அல்லது மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடு. அதாவது 1,000 பேரில் 43 என்பது 16 ஆனது. மரணங்கள் இரு பிரிவிலும் மிகச் சில. ஆகவே மரணம் குறைந்தது என்று இந்த ஆய்வை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் அனுமதியோடு செய்து பாருங்கள். சிவப்புச் சாயம் கலந்த நீரை அளந்து, ஒரு பழைய துண்டின் மேல் ஒருவர் ஊற்றட்டும். 200, 500, 900 மில்லிலிட்டர் என மூன்று முறை. மற்றவர்கள் அளவை ஊகித்துத் தாளில் எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டாமல். எந்த அளவில் பிழை அதிகம் என்று வரைபடம் போடுங்கள்.