அளந்து போட்ட அரிசி

சென்ற ஆண்டு வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை. கும்பகோணம் நாகேசுவரர் கோயிலில் சாயரட்சை தரிசனம் முடித்து, கையில் திருநீற்றுப் பொட்டலத்துடன் வீடு திரும்பினேன். சென்னையில் இருக்க வேண்டிய என் மகன் திண்ணையில் அமர்ந்திருந்தான். மருமகளும் பேரக் குழந்தைகள் இருவரும் உள்ளே இருந்தனர். பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன். கால் கழுவிவிட்டு வந்து விளக்கின் முன் நின்றபோது, பின்னால் வந்து நின்றான்.

"அம்மா, எனக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. சொல்ல வாய் வரவில்லை" என்றான்.

நாற்பத்து நான்கு வயதுப் பிள்ளை. இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவன். ஆட்குறைப்பு என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார்கள். வீட்டு வாடகையும் குழந்தைகளின் பள்ளிக் கட்டணமும் கையிருப்பைக் கரைக்கத் தொடங்கிய பிறகே ஊர் திரும்பும் முடிவுக்கு வந்திருக்கிறான். நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என்ன சொல்வதென்று உண்மையிலேயே தெரியவில்லை. உக்கிராண அறைக்குச் சென்று விளக்கைப் போட்டு, அரிசிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தேன். என் தாயாரும் இதைத்தான் செய்தாள்.

அது 1966. எனக்குப் பன்னிரண்டு வயது. கோவையில் ஒரு பஞ்சாலையில் என் தந்தையார் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஆலை மூடப்பட்டது, பதினோரு மாதம் திறக்கவில்லை. நாடெங்கும் அரிசிக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. வீட்டில் நாங்கள் ஏழு பேர். தந்தையார் பதறிப்போய், தெருக்கோடி மளிகைக் கடையில் கடன் சொல்லி மூட்டையாக வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். தாயார் ஒப்பவில்லை. "கடனுக்கு வந்த அரிசியை நாம் ஒரு முறை தின்போம், அது நம்மை இரண்டு முறை தின்னும்" என்றாள். அன்று முதல் நாளுக்கு ஒரு படி அரிசிதான் உலைக்குப் போனது. இரவில் கேழ்வரகுக் கூழ். படியின் வாயைக் கைவிரலால் வழித்துத் தலைதட்டி அளப்பாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்ற பழமொழியை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை; கையால் செய்து பார்த்திருக்கிறேன்.

கடன் அரிசியைப் பற்றி அவள் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் திருவீழிமிழலை நினைவுக்கு வரும். பஞ்சம் வந்த காலத்தில் அப்பர் பெருமானும் ஞானசம்பந்தப் பெருமானும் அங்கே தங்கியிருந்து அடியார்களுக்கு அமுது படைத்தார்கள். இறைவன் நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு பீடத்தில் வைத்தருளினான். அப்பரின் மடத்தில் உரிய வேளையில் பந்தி நடந்தது. சம்பந்தரின் மடத்தில் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது, தமக்குக் கிடைக்கும் காசுக்கு வணிகர்கள் வட்டம் பிடிக்கிறார்கள் என்று சமைப்பவர்கள் சொன்னார்கள். அந்தக் கழிவுக்கு வாசி என்று பெயர். வாசி இல்லாத காசு வேண்டும் என்று சம்பந்தர் பதிகம் பாடிப் பெற்றார். இந்த வரலாற்றை நாம் பக்தியோடு கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். காசு கையில் இருந்தும் அது முழுக் காசாகச் செல்லாவிட்டால் அடுப்பு தாமதமாகும் என்னும் உலகியல் அதில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! தவணையில் வாங்குவதும், கடன் அட்டையைத் தேய்ப்பதும், நூறு கிராம் பொட்டலங்களாகப் பருப்பு வாங்குவதும் இன்றைய வாசிதான். என் மகனிடம் இரண்டு கடன் அட்டைகள் இருந்தன. மறுநாளே அவற்றை என் கணவர் வாங்கி, பூஜை அறைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்து வந்த பேச்சு சற்றுக் கடினமானது. என் கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய ஓய்வூதியமும், வங்கியில் ஒரு வைப்புத் தொகையும் எங்களுக்கு உண்டு. அந்த வைப்புத் தொகையை உடைத்துக் கொடுத்தால் ஒரு கடை வைப்பேன் என்றான் மகன். வேலை இழந்த பிள்ளை கேட்கும்போது மறுப்பது எளிதன்று. இளையான்குடி மாற நாயனார் பகலில் விதைத்த நெல்லை நள்ளிரவு மழையில் வாரி வந்து, வாசலில் நின்ற அடியாருக்குச் சோறாக்கிப் படைத்தார். அந்தப் பெருமைக்கு முன்னால் நாம் எம்மாத்திரம்! ஆனால் அவர் விதைநெல்லை வாரியது விருந்தினருக்காக; தம் வீட்டு மாதச் செலவுக்காக அல்ல. "இது விதைநெல், அப்பா. நாங்கள் படுத்துவிட்டால் வைத்தியத்துக்கு இதுதான். ஓய்வூதியத்தில் ஆறு பேரும் சாப்பிடுவோம். உன் கணக்குப் பணத்தைக் குழந்தைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்" என்றேன். இரண்டு நாள் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. வயதான காலத்தில் இப்படியொரு மறுப்பைச் சொல்ல நேர்ந்த பெற்றோர் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு நாள் எப்படிப்பட்டது என்று தெரியும்.

சாமான் சேர்க்கும் விஷயத்தில் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் கடைக்குப் போகக் கூடாது. நான் பயத்தில்தான் போனேன். இருபத்தைந்து கிலோ மூட்டையாக மூன்று மூட்டை அரிசி, பத்துக் கிலோ துவரம்பருப்பு, பத்துக் கிலோ கோதுமை மாவு, ஐந்து கிலோ ரவை என்று வாங்கி அடுக்கினேன். புழுங்கலரிசி நின்றது. பருப்பும், வேப்பிலையும் வசம்பும் போட்டு வைத்ததால் தப்பியது. மாவும் ரவையும் ஆவணிக்குள் வண்டும் கூடுமாகி, பாதிக்கு மேல் கொட்ட வேண்டியதாயிற்று. வேலையில்லாத வீட்டில் மாவைக் குப்பையில் கொட்டுவது எவ்வளவு பெரிய தண்டனை! நம் முன்னோர் தானியத்தை முழுதாக வைத்துக்கொண்டு, வேண்டியபோது மட்டும் அரைத்தார்கள். முழுத் துவரையைச் செம்மண் கரைசலில் புரட்டிக் காய வைத்து எடுத்து வைத்தார்கள். அரைத்த பொருளுக்கு ஆயுள் குறைவு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எதை எப்போது சேர்ப்பது என்பதற்கும் ஒரு முறை இருந்தது. சம்பா அறுவடை முடிந்து தையில் நெல் வரும். புதுப் புளியும் புது மிளகாயும் மாசி, பங்குனியில் வரும். புளியைக் கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்து உருட்டிச் சாடியில் அடைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. என் மகன் வந்தது வைகாசியில் என்பதால் எங்களுக்கு மிஞ்சியிருந்தது வெயில் ஒன்றுதான். அதை வீணாக்கவில்லை. கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர் மிளகாய் எல்லாம் மொட்டை மாடியில் காய்ந்தன. கூழ் வடகம் பிழியும்போது, சென்னையில் இருந்தவரை கடை வடகம் மட்டுமே பார்த்திருந்த என் மருமகள், "அத்தை, இவ்வளவுதானா இது!" என்று வியந்தாள். காகத்தை விரட்டும் உத்தியோகம் பேரனுக்கு. ஐப்பசி அடைமழையில் காய்கறி விலை ஏறிய நாட்களில், அந்த வற்றலில்தான் குழம்பு கொதித்தது.

நியாய விலைக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குடும்ப அட்டைக்கு உரிய விலையில்லா அரிசியை நாங்கள் பல ஆண்டுகளாக வாங்காமலே விட்டிருந்தோம். வரிசையில் நிற்பது கௌரவக் குறைவு என்ற எண்ணமே காரணம், வேறொன்றுமில்லை. அந்தப் புழுங்கலரிசி இட்லிக்கு மிக நன்றாக இருக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கே கிடைக்கிறது. வெளியில் என்ன விலை என்பது நீங்கள் அறிந்ததே. முதல் மாதம் நானே பையோடு சென்றேன். இரண்டாம் மாதம் மகன் வந்து என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டான்.

கோயில்களில் 2002 முதல் நடந்துவரும் மதிய அன்னதானத்துக்கும் ஒரு நாள் அவனை அழைத்தேன். "அது இல்லாதவர்களுக்கு, அம்மா" என்றான். "பிரசாதத்தில் இருப்பவன் இல்லாதவன் உண்டா?" என்று கேட்டு அழைத்துச் சென்றேன். சென்னையில் நல்ல நாளில் நூறு பேருக்கு அன்னதானக் கட்டணம் கட்டியவன் அவன். அன்று இலையில் உட்கார்ந்து, தலை குனிந்தபடி சாப்பிட்டான். குழம்பில் உப்புச் சற்றுக் கூடுதல் என்று திரும்பும் வழியில் சொன்னான். அதைக் கேட்டு எனக்கு மனம் லேசாயிற்று. குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டானே!

இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், 25,000 ரூபாய் செலவில் ஒரு ஹோமம் செய்தால் ஒரு மண்டலத்துக்குள் வேலை கிடைக்கும் என்று உறுதி கூறினார். நம்பிக்கையுள்ள குடும்பங்களில் இப்படிப்பட்ட யோசனைகள் துன்ப காலத்தில் தவறாமல் வந்து சேரும். வழிபாட்டை நான் என்றும் குறைத்து மதிப்பவள் அல்ல. ஆனால் அந்தப் பணம் எங்கள் வீட்டின் மூன்று மாதச் சாப்பாடு. பெரியநாயகி அம்மன் சன்னதியில் வழக்கம்போல் ஒரு நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். குங்கிலியம் வாங்கத் தாலியையும் விற்ற கலய நாயனாரின் வரலாற்றைச் சிலர் எடுத்துக்காட்டினார்கள். அந்தத் தாலியை அந்த அம்மையார் கழற்றிக் கொடுத்தது பசித்த பிள்ளைகளுக்கு நெல் வாங்கத்தான் என்பதை அவர்கள் ஏனோ சொல்வதில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் மகனை அழைத்துக்கொண்டு பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக்குச் சென்றேன். பாலைவனநாதர் கோயிலில் தஞ்சை நாயக்கர் காலத்தில் கட்டிய நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. செங்கல்லால் வட்டமாக எழுப்பி, உச்சி கூம்பிய கட்டடம். 3000 கலம் நெல் கொள்ளும். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்றால் 36,000 மரக்கால். திருவரங்கம் கோயிலிலும் இதுபோன்ற பெரிய களஞ்சியங்கள் உள்ளன. விளைந்த ஆண்டின் நெல்லை விளையாத ஆண்டுக்கு நம் கோயில்கள் இப்படித்தான் காத்தன. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: இறைவனின் திருவமுதுக்கு அரிசி இத்தனை நாழி, நெய் இத்தனை, மிளகு இத்தனை என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெருமானுக்கே அளந்துதான் படைத்தார்கள். மகன் அந்தக் களஞ்சியத்தைச் சுற்றி வந்து, நிழலில் நெடுநேரம் நின்றிருந்தான். என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை.

எல்லாவற்றிலும் என்னைச் சோதித்தது பிடியரிசிதான். காஞ்சி மகா பெரியவர் இல்லந்தோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசியை அறத்துக்காக எடுத்து வைக்கச் சொன்னதை நம்மில் பலர் இன்றும் கடைப்பிடிக்கிறோம். எங்கள் வீட்டில் உலை வைக்கும்முன் ஒரு பிடி தனிக் கலயத்துக்குப் போகும்; மாதக் கடைசியில் அன்னதானத்துக்குச் சேரும். ஒரு நாள் மருமகள், "அத்தை, நமக்கே தலைதட்டி அளக்கும்போது இது வேண்டுமா?" என்று கேட்டாள். கேள்வியில் வஞ்சனை இல்லை. எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை.

1966-இல் என் தாயாரும் அப்படியொரு கலயம் வைத்திருந்தாள். ஆலை மூடிய எட்டாம் மாதம், ஒரு நாள் இரவு, அந்தக் கலயத்தைக் கவிழ்த்து எங்களுக்குச் சோறாக்கினாள். இரண்டு படி இருக்கும். தந்தையாருக்குச் சொல்லவில்லை, அடுப்பருகே இருந்த நான் மட்டும் பார்த்தேன். ஆலை திறந்த பிறகு நான்கு படியாகக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று அவள் அழுததை மருமகளிடம் சொன்னேன். நிறுத்தவும் மனமில்லை, பழைய அளவில் போடவும் இயலவில்லை. யோசித்துவிட்டு, ஐந்து வயதுப் பேரனை அழைத்தேன். "இனி நீதான் பிடி எடுக்க வேண்டும்" என்றேன். அவனுடைய கையில் எவ்வளவு அரிசி நின்றுவிடும்! ஆனாலும் அது ஒரு பிடிதான். ஒரு நாளும் அவன் மறக்கவில்லை. சில நாட்களில் இரண்டு பிடி போட முயன்று என்னிடம் அகப்பட்டுக்கொண்டான்.

தை பிறந்து பத்தாம் நாள், மகனுக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் ஏறக்குறையப் பாதிதான். புறப்படும்போது மருமகள் ஒரு தூக்கு நிறைய மணத்தக்காளி வற்றலும், ஒரு சாடிப் புளியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடன் அட்டைகளை என் கணவர் நினைவூட்டினார். பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான் மகன்.

மறுநாள் காலை, இரண்டு பேருக்கு ஓர் உழக்கு அரிசி அளந்து வைத்துவிட்டு, கலயத்தின் மூடியைத் திறந்துகொண்டு, பழக்கத்தில் பேரனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன்.