உங்களுக்குத் தெரியுமா? உப்புக்காற்றும் பைக் பேட்டரியும்

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. மீன் பெட்டி கட்டி ஓடும் இங்கத்திய பைக்குகளுக்கு உப்புக்காற்றே பெரிய எதிரி.

● பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளை, பச்சைப் படிவம் மின்தடையைக் கூட்டும். பேட்டரி நன்றாக இருந்தாலும் செல்ஃப் எடுக்காது. முனையைச் சுத்தமாகத் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

● கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது முதலில் பிளஸ். இப்படிச் செய்தால் ஸ்பேனர் பட்டுத் தீப்பொறி பறக்காது.

● ஓடாமல் நிற்கும் வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஈய-அமில பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி.

● இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். குறைந்தால் கோளாறு சார்ஜிங் பக்கம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். புதுப் பேட்டரி வாங்கும் முன் இதைச் சோதித்தால் பணம் மிச்சம்.

● சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால், தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி சும்மா நின்றால், மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.