தகரத்துக்கும் மூச்சு வேண்டும்

நகரத்துக் கட்டடங்களில் அழகுக்காகப் பொருத்தப்படும் துளைத் தகடு, கிராமத்துக் கிடங்கில் வேர்க்கடலை மூட்டையைக் காப்பாற்றக்கூடும். ஆனால் கணக்குப் பார்த்துத் துளையிட வேண்டும்.

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் முனையில் இருக்கிறது குப்பம். சந்தையில் தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் முடித்துக்கொள்ளலாம். 1989 முதல் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. 1990களின் பிற்பகுதியில் இஸ்ரேல் பாணிச் சொட்டுநீர்ப் பாசனம் இங்கே வந்தபோது, பேச்செல்லாம் எப்படி அதிகம் விளைவிப்பது என்பதைப் பற்றித்தான். விளைந்ததை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அவ்வளவு கவர்ச்சி இல்லை.

அந்தக் கேள்விக்கு நாட்டின் பெரும்பாலான கிராமங்களைப் போலவே குப்பத்துப் பக்கமும் சொல்லும் பதில்: தகரம். 1829இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பால்மர் நெளி தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சோரல் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டும் சேர்ந்து பிறந்த தகடு, கீற்றுக் கொட்டகையை ஓரங்கட்டிவிட்டது. கரையான் அரிக்காது, சட்டென்று தீப்பிடிக்காது, சில நாளில் கொட்டகை எழுந்துவிடும்.

ஆனால் தகரம் வியர்க்கும். அங்கேதான் சிக்கல்.

குப்பம் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உள்ள மேட்டு நிலம். பகலில் தகரம் அடுப்பாகக் கொதிக்கும். மார்கழி இரவில் சில்லென்று ஆறிவிடும். உள்ளே மூட்டைகளிலிருந்து கிளம்பும் ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறி, குளிர்ந்த தகட்டின் அடிப்பக்கத்தில் துளிகளாகத் தேங்கும். விடியற்காலையில் அது மேல் அடுக்கு மூட்டையின் மீது சொட்டும். நன்றாகக் காய்ந்த கடலையைத்தான் அடுக்கினோம் என்று விவசாயி நம்பிக்கொண்டிருப்பார். நனைப்பது மழையல்ல, சொந்தக் கூரை.

வேர்க்கடலைக்கு இது சின்ன விஷயமல்ல. பருப்பின் ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளாவஸ் என்ற பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின், கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்த பிறகே உலகம் விழித்துக்கொண்டது. நேரடியாக உண்ணும் வேர்க்கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. கண்ணுக்கே தெரியாத அளவு. ஒதுக்கப்பட்ட சரக்கு எண்ணெய்க்கோ பிண்ணாக்குக்கோ போகும், விலை இறங்கும். அமெரிக்காவின் பெரிய கடலைக் கிடங்குகளும் இதே கூரைச் சொட்டோடு போராடியவைதான். மூட்டைக் குவியலுக்கும் கூரைக்கும் நடுவே காற்றை ஓடவிடுவதுதான் அவர்கள் கண்ட வழி.

விசிறியும் மின்சாரமும் இல்லாமல் அதைச் செய்வதுதான் காற்றோட்டமுள்ள உலோக உறை. சுவரை ஒட்டியே தகட்டை அடிக்காமல், ஓரிரு அங்குலம் தள்ளிச் சட்டத்தில் நிறுத்துவார்கள். கீழே காற்று நுழையத் துளை, மேலே வெளியேறத் துளை. வெயிலில் வெளித்தகடு சுட்டதும் இடைவெளிக் காற்று சூடேறி மேலே போகும். அடியில் புதுக்காற்று வரும். புகைபோக்கியின் அதே சூத்திரம். வெயிலின் சூடு சுவரைத் தொடுவதற்குள் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. கூரையடியிலும் இப்படித் துளை வைத்தால் உள்ளே தேங்கும் ஈரமும் வெளியேறும்.

துளைக்கும் கணக்குண்டு. 5 மில்லிமீட்டர் வட்டத் துளைகளை, மையத்துக்கு மையம் 8 மில்லிமீட்டர் இருக்கும்படி முக்கோண வரிசையில் போட்டால் தகட்டில் 35 சதவீதம் திறப்பு. 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுண்டெலிக்கு வாசல்.

அளவு சரியாக இருந்தால், வரிசையை எப்படி அமைப்பது என்பது அவரவர் விருப்பம். அழகு நுழையும் இடம் இதுதான். வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் ஊருக்குப் புள்ளிகளால் ஓவியம் வரையச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகார் நகரத்து மாளிகைகளில் மான் கண் வடிவில் காலதர் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. காற்றும் அழகும் ஒரே துளையில் வரலாம் என்பது நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் கென்டக்கியில் 2009இல் கட்டப்பட்ட மேசன் லேன் பண்ணையின் வைக்கோல் கொட்டகை, மூங்கில் பின்னலையே சுவராக உடுத்தியிருக்கிறது. நாசிக் பக்கத்து வெங்காயச் சால்களும், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயப் பட்டறைகளும் அதே தத்துவம்தான், அலங்காரம் மட்டும் இல்லை.

ஆனால் எல்லாச் சரக்கும் மூச்சு விட விரும்புவதில்லை. குப்பத்தின் இன்னொரு பயிரான கேழ்வரகுக்குக் காற்றே பகை. அதை மண்ணுக்கடியில் குழியில் மூடி வைத்து ஆண்டுக்கணக்கில் காத்தார்கள் முன்னோர். கன்னடத்தில் ஹகேவு, தெலுங்கில் பாதர. கேழ்வரகுக்குத் துளைத் தகடு போடுவது பணத்தைக் காற்றில் விடுவது. பூச்சியும் துளைக்குப் பயப்படாது. புளியையும் வேர்க்கடலையையும் ஒரே வண்டு தாக்கும் என்பதால் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைக்கக் கூடாது. துளைக்கு உள்பக்கம் நுண்வலையும் தேவை. அடைமழை நாளில் திறந்திருக்கும் துளை ஈரத்தை வெளியேற்றாது, உள்ளே அழைக்கும். அதற்கு மூடும் பலகை வேண்டும்.

செலவும் உண்டு. துளையிடும் கூலி சேர்வதால் சாதாரணத் தகட்டைவிட இதன் விலை அதிகம். வெட்டிய விளிம்புகளில் துத்தநாகப் பூச்சு மெல்லிசாக இருந்தால் துருவும் சீக்கிரம் வரும். எனவே கிடங்கு முழுக்கப் போர்த்த வேண்டாம். அடியில் ஒரு பட்டை, கூரை விளிம்புக்குக் கீழே ஒரு பட்டை, நடுவில் சாதா நெளி தகடு, அதற்கு மேல் நீண்ட தாழ்வாரம். இதுவே போதும்.

25 டன் வெங்காயக் கொட்டகைக்கு 1.75 லட்சம் ரூபாய் செலவு என்று கணக்கிட்டு, அதில் பாதியை மானியமாகத் தரலாம் என்றது தோட்டக்கலை இயக்கத்தின் 2014 விதிமுறை. வெங்காயத்துக்கு மூச்சு வேண்டும் என்பதை அரசு அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது. வேர்க்கடலைக்கும் அது வேண்டும். மூட்டையை இரண்டு மாதம் தாங்கும் கூரை இருந்தால்தான் அறுவடை வாரத்தில் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டாமல் இருக்க முடியும். தகட்டில் போடும் துளை விவசாயிக்குக் கொடுப்பது அந்த அவகாசத்தைத்தான். கோலம் அதற்கு மேல் கிடைக்கும் லாபம்.