ஸ்வெட்டரில் ஓட்டையா? உள்ளங்கையில் அடங்கும் குட்டித் தறியால் அடைக்கலாம்... எப்படி?

உங்கள் பீரோவை ஒருமுறை கிளறிப் பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த ஸ்வெட்டரோ, குதிகாலில் தேய்ந்த சாக்ஸோ ஒன்றாவது கிடைக்கும். போடவும் முடியாது, தூக்கிப்போடவும் மனசு வராது. ஊசி நூலை எடுத்து விளிம்புகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தால் அந்த இடம் சுருங்கி முண்டு கட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும்.

இந்த வேலைக்கென்றே ஒரு குட்டித் தறி இருக்கிறது. ஆன்லைன் கடைகளில் 'டார்னிங் லூம்' என்று தேடினால் கிடைக்கும். அது எப்படி வேலை செய்கிறது? எல்லாத் துணிக்கும் சரிப்படுமா? பார்த்துவிடலாம்.

பனியன் ஓட்டை ஏன் பெருசாகிக்கொண்டே போகிறது?

வேட்டி, நெசவுத் துணி. நீளவாக்கில் பாவு நூல், குறுக்கே ஊடை நூல் என இரண்டும் மாறி மாறிக் கோத்திருக்கும். பனியன், டி-ஷர்ட், ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் பின்னல் துணி. திருப்பூர் பெயர் வாங்கியது இந்த வகையில்தான். இதில் நூல் வளையம் வளையமாக ஓடும். ஒவ்வொரு வளையமும் அடுத்த வரிசை வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் நீள்வதற்கு இந்த வளையங்கள்தான் காரணம்.

சிக்கலும் அங்கேதான். ஓர் இடத்தில் நூல் அறுந்தால், பிடிமானம் இழந்த வளையம் நழுவும், அதைத் தொடர்ந்து அடுத்தது. ஏணிப்படி மாதிரி கோடு இறங்கிக்கொண்டே போகும். ஆகவே ரிப்பேரில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, அவிழ்ந்த வளையங்களைப் பிடித்து நிறுத்துவது. இரண்டு, காணாமல்போன துணிக்குப் பதிலாகப் புதுத் துணியை அந்த இடத்திலேயே நெய்வது. இதற்குப் பெயர்தான் டார்னிங்.

தறி எங்கிருந்து வந்தது?

டார்னிங் பழைய கைவேலை. காளான் வடிவ மரக்கட்டையின் மேல் துணியை விரித்து, ஒவ்வொரு பாவு நூலுக்கும் மேலே, கீழே, மேலே, கீழே என்று ஊசியை நுழைத்து நெய்வார்கள். கண்ணும் பொறுமையும் வேண்டும். இதைச் சுலபமாக்க இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தயாரான கருவிதான் 'ஸ்பீட்வீவ்'. 'லங்காஷயரின் மிகச் சிறிய தறி' என்றே விளம்பரம் செய்தார்கள். லங்காஷயர், பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன பகுதி. இன்று ஆன்லைனில் விற்கும் குட்டித் தறிகள் பலவும் இதே அமைப்பில் இருப்பவைதான்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டனில் கிழிசலைச் சரிசெய்வது வீட்டுக்கு வீடு கட்டாயமாகவே ஆனது. 1941 ஜூன் 1 முதல் துணிக்கும் ரேஷன். முதலில் ஒருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். பெண்களின் ஓர் உடைக்கு 11, ஆண்களின் சட்டைக்கு 8 கூப்பன் என்று கழியும். காசு இருந்தாலும் கூப்பன் இல்லாமல் வாங்க முடியாது. 1943-ல் அரசே 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்ற கையேட்டை வெளியிட்டு, இருப்பதை ஒட்டித் தைத்து உடுத்தச் சொன்னது. 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையிலான 8 மாதங்களுக்குக் கிடைத்தது வெறும் 24 கூப்பன். 1949 மார்ச்சில்தான் துணி ரேஷன் முடிந்தது.

எப்படி வேலை செய்கிறது?

கருவியில் இரண்டே பாகங்கள்: ஒரு வட்டக் கட்டை, வரிசையாகக் கொக்கிகள் உள்ள ஒரு சட்டம்.

1. துணியைத் துவைத்துக் காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள். கம்பளியில் பூச்சி அரித்த ஓட்டை என்றால் இது கட்டாயம். ஓட்டைக்கு அடியில் கட்டையை வைத்து, மேலே ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். துணி தட்டையாக இருந்தால் போதும், விறைப்பாக இழுக்க வேண்டாம்.

2. ஓட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, நல்ல துணியில் ஊசியைக் குத்தி நூலை மேலே கொண்டுபோய் முதல் கொக்கியில் மாட்டுங்கள். திரும்பக் கீழே வந்து பக்கத்தில் ஒரு தையல், மறுபடி அடுத்த கொக்கி. ஓட்டையின் அகலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும். இது பாவு.

3. ஒவ்வொரு கொக்கியிலும் நூலுக்கு இரண்டு கால்கள் இருக்கும். கொக்கிகளை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு கால் மேலே வரும், இன்னொன்று கீழே போகும். மறுபக்கம் சாய்த்தால் இடம் மாறும். கைத்தறியில் மிதியை அழுத்தியதும் பாவு பிரிந்து நடுவே நாடா ஓடுமே, அதே விஷயம்தான். பிரிந்த இடைவெளியில் ஊசியை ஒரே இழுப்பில் நுழைக்கலாம். நூல் பிரிந்து சிக்காமலிருக்க ஊசியின் காதுப் பக்கத்தை முன்னால் விடுங்கள்.

4. ஓரம் வந்ததும் அடித்துணியில் ஒரு சிறு தையல் போட்டு, கொக்கிகளை மாற்றிச் சாய்த்து, திரும்பி வாருங்கள். ஒவ்வொரு வரிசையையும் ஊசியால் கீழே தள்ளிச் சேருங்கள்.

5. ஓட்டையைத் தாண்டி மேலேயும் கொஞ்சம் நெய்ததும் கொக்கிகளிலிருந்து வளையங்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் நல்ல துணியோடு தைத்து முடியுங்கள். இந்த மேல் ஓரத்தை விட்டுவிட்டால் முதல் துவையலிலேயே பிரிந்துவிடும்.

கவனித்தீர்களா? தறி சுலபமாக்குவது நடுவில் உள்ள நெசவை மட்டும்தான். நாலு ஓரத்திலும் அவிழ்ந்த வளையங்களைப் பிடிப்பது உங்கள் கை வேலை. ஒட்டு நிற்பதும் பிரிவதும் அதில்தான் இருக்கிறது.

எதற்குச் சரிப்படாது?

விளம்பர வீடியோக்களில் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இது. நீங்கள் போடுவது நெசவு ஒட்டு. சுற்றியிருப்பது பின்னல். துணி நீளும், ஒட்டு நீளாது. ஸ்வெட்டரின் உடல் பகுதி, முழங்கை, சாக்ஸின் குதிகால் போன்ற இடங்களில் பிரச்னை இல்லை. கழுத்துப்பட்டி, மணிக்கட்டு, லெகிங்ஸ் மாதிரி நன்றாக இழுபடும் இடங்களில் ஒட்டின் விளிம்பே புதுக் கிழிசலுக்கு வழிசெய்யும். நூலைத் தளர்வாக விட்டு நெய்வது கொஞ்சம் உதவும்.

மெல்லிய டி-ஷர்ட்டும் கஷ்டம்தான். தடித்த நூல் போட்டால் மரத்துண்டு மாதிரி உறுத்தும். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் ஒன்று அல்லது இரண்டு இழையை மட்டும் பிரித்தெடுங்கள். கம்பளிக்குக் கம்பளி, பருத்திக்குப் பருத்தி என்பது பொது விதி. இரண்டும் துவையலில் ஒரே மாதிரி சுருங்காது. டி-ஷர்ட்டில் குண்டூசித் தலை அளவு ஓட்டை என்றால் தறியே வேண்டாம். அவிழ்ந்த வளையங்களை மெல்லிய ஊசியால் கோத்து மூடினாலே போதும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

அன்றைய பிரிட்டனில் கூப்பன் தீர்ந்தால் வேறு வழியில்லை. இன்று புது டி-ஷர்ட் மலிவு, முதல் டார்னிங்கோ சுலபமாக ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ரூபாய்க் கணக்கு மட்டும் பார்த்தால் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த விலையில் தண்ணீர்க் கணக்கு தெரிவதில்லை. ஒரு காட்டன் டி-ஷர்ட்டுக்குப் பருத்தி விளைச்சல் முதல் தயாரிப்பு வரை சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலக இயற்கை நிதியம் மேற்கோள் காட்டும் மதிப்பீடு.

அதற்காக எல்லாவற்றையும் டார்னிங் செய்ய வேண்டியதில்லை. ஊட்டிக் குளிருக்கு வாங்கிய நல்ல ஸ்வெட்டர், அம்மா பின்னிக் கொடுத்தது, இனி கடையில் கிடைக்காதது என உங்களுக்கே தெரியும். ஆனால் முதல் முயற்சியை அதில் செய்யாதீர்கள். ஒரு பழைய சாக்ஸை எடுத்து, ஓட்டைக்கு மாறுபட்ட நிறத்தில் நூல் போட்டுப் பழகுங்கள். எந்த ஓரத்தில் தையல் தவறியது என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.