பழியைத் தாம் ஏற்ற தலைவர்

1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட், இரண்டாவது கட்டத்தில் தடுமாறி, சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது.

புறப்படும் முன்பே கம்ப்யூட்டர் எச்சரித்திருந்தது. அதை மீறிச் செலுத்தலாம் என்று முடிவெடுத்தவர் திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். இரண்டாவது கட்டத்தைக் கட்டுப்படுத்தும் சாதனத்தில் நைட்ரிக் அமிலம் கசிந்ததே கோளாறுக்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

நிருபர்கள் காத்திருந்தனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அப்போது தலைவர் சதீஷ் தவான். கலாமை முன்னே தள்ளிவிட்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தாமே பேட்டி கொடுத்தார். பொறுப்பைத் தம் தலையில் போட்டுக்கொண்டார். தமது குழுவினர் அடுத்த முறை வெல்வார்கள் என்றார்.

1980 ஜூலை 18-ல் அதே ரக ராக்கெட் ரோகிணி செயற்கைக் கோளை வட்டப்பாதையில் சேர்த்தது. அன்று நிருபர்களைச் சந்திக்கும்படி கலாமிடம் சொல்லிவிட்டார் தவான்.

இதைப் பிற்காலத்தில் மேடை மேடையாகச் சொல்லி வந்தவர் கலாமேதான். ராக்கெட் தளமானாலும் சரி, தொழிற்சாலையானாலும் சரி, வழி ஒன்றே. தவறை உள்ளே திருத்த வேண்டும். வெளியே அதற்குத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவரிடம் ஆட்கள் தவறை மறைக்க மாட்டார்கள்.